திரைக்கு உன் முகம் தெரியாது

"யூடியூப்லயே எல்லாம் இருக்கே, காலேஜுக்கு எதுக்குப் போகணும்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, வேதியியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் சொல்வது இது.

ஆன்லைன் படிப்பை நான் மட்டம் தட்டமாட்டேன். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல்., பெரிய பேராசிரியர்களின் பாடத்தைச் சின்ன ஊர்ப் பிள்ளையும் காசில்லாமல் கேட்க வழிசெய்தது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் படிக்க யு.ஜி.சி. 2021-ல் விதியே வகுத்துவிட்டது. எங்கள் காலத்தில் வகுப்பில் ஒரு வரி தப்பினால் தப்பினதுதான். உனக்கோ பத்து தடவை ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு இது வரப்பிரசாதம். 2020-ல் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது படிப்பை இழுத்துப் பிடித்ததும் இதுதான்.

ஆனால் திரைக்கு உன் முகம் தெரியாது. புரியாமல் தலையாட்டுகிறவனை வகுப்பில் நிற்கும் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். பலகையை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வருவார். வீடியோவில் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நோட்டை மூடிவிட்டு எழுதிப் பார், பேனா நகராது.

வேதியியல் ஆய்வகத்தில் செய்யும் டைட்ரேஷனை எடுத்துக்கொள். நிறம் மாறுவதை வீடியோவில் பார்த்துவிடலாம். ஆய்வகத்தில் இடக்கை பியூரெட்டின் திருகில் இருக்கும், வலக்கை குடுவையைச் சுழற்றும். முடிவு நெருங்க நெருங்க ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெளிர் ரோஜா நிறம் அடர் ரோஜாவாகிவிடும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். "கை அவசரப்படுது, மெதுவா" என்று பின்னால் நிற்பவர் சொல்லும்போதுதான் நிதானம் கைக்கு வரும்.

ஆகவே பாடத்தை முதல்நாள் இரவே திரையில் கேட்டுவிடு. வேகத்தைக் கூட்டி ஓட்டாதே. புரியாத இடத்தைக் குறித்து வைத்து, மறுநாள் வகுப்பில் எழுந்து கேள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். அதே சந்தேகம் அவர்களில் இரண்டு பேருக்காவது இருக்கும்.

வேலைக்குப் போன பிறகும் இதே கதைதான். விஷயத்தைச் சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள். உன் தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துகிறவர் எப்போதாவதுதான் அமைவார். அப்படி ஒருவர் தினமும் உன் வகுப்புக்கு வருகிறார் என்றால், கடைசி பெஞ்சில் ஒளியாதே.