பிடியரிசிக் கலயம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

உங்களில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள பலருக்குப் பிடியரிசி என்றால் தெரியாது. உலை வைக்கும்போது, அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவார்கள். வீட்டுச் சோற்றில் குறைந்தது தெரியாது. வாரம் ஒருமுறை கூடையோடு ஆள் வந்து வாங்கிப் போவார். கோயிலுக்கோ மடத்துக்கோ அன்னதானத்துக்கோ போகும். என் அம்மா காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் "பிடி போட்டியாடி?" என்று அக்காவைக் கேட்பார்.

இந்த மாதிரிப் பழக்கத்தின் மேல்தான் ஒரு பெரிய காரியம் ஏறி உட்கார்ந்தது. 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அதற்காக ஊர் ஊராக அலைந்தார். முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்ததை வைத்தே அது ஓடியது. பிறகு அரசும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு கணக்கு. அரசு 6 காசு, ஊர் 4 காசு. அந்த 4 காசை ரொக்கமாகக் கொடுக்க எத்தனை வீட்டில் இருந்தது? நெல்லாக, கம்பாக, கீரையாக, விறகாக, பிடியரிசியாகக் கொடுத்தார்கள்.

வாத்தியார் புத்தி போகுமா, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு பிடி 40 கிராம் என்றால் 50 வீட்டுக்கு 2 கிலோ. பிள்ளைக்கு 100 கிராம் வீதம் 20 பிள்ளைகளுக்குச் சோறு. ஒரு தெரு, 20 பிள்ளைகள்!

ஆனால் எனக்கு அரிசியைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஒரு பிடி போட்டவள் கேள்வி கேட்பாள். "சோத்துல கல்லு கிடந்துச்சாமே, யாரு களைஞ்சது?" என்று பள்ளி வாசலுக்கே வந்து நிற்பாள். தலைமையாசிரியரே அவளிடம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்கள் கட்டடமும் பெஞ்சும் சீருடையும் போட்டி போட்டுக் கொடுத்ததற்கு இந்த உரிமை உணர்வும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதை இனிப்பாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. குழம்பு மாற்றிக்கொள்வது, தயிருக்கு உறை வாங்குவது, கைமாத்து எல்லாம் தெருமுனையோடு நின்றுவிடும். அடுத்த தெருக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கும் சொம்பே வேறு. நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் அந்த மனசுக்கு எல்லைக்கல் இருந்தது. மழை பொய்த்த வருஷம் கலயமும் காலி. ஊர்ப் பங்கு வராத இடத்தில் அடுப்பு எரியாது.

அதனால் அரசு முழுதாக உள்ளே வந்தாக வேண்டியிருந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1995இல் நாடு முழுவதும் மதிய உணவுத் திட்டம் வந்தது. சமைத்த உணவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் உத்தரவிட்டது. 2022இல் இங்கே காலை உணவும் சேர்ந்தது. நல்லது. ஆனால் சமைத்தவரின் சாதியைப் பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோரும் நம் மாநிலத்தில் இருந்தார்கள். அரசாணையால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

என் வகுப்பில் இரண்டு பையன்கள். ஒருவன் ஊர்த்தெரு, ஒருவன் காலனி. முட்டை போடும் நாளில் ஒருவனுக்கு மஞ்சள் கரு பிடிக்காது, மற்றவனுக்கு அதுதான் பிடிக்கும். தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொள்வார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. இன்று இருவருக்கும் ஒரே வாய்க்கால் பாசனம். ஒருவர் மேல்மடை, ஒருவர் கடைமடை. ராத்திரி முறை முடிந்ததும் மேல்மடைக்காரர் போன் பண்ணி, "அடைச்சிட்டேன், தண்ணி வருது பாரு" என்கிறார். முட்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே வாய்க்காலில் அண்ணன் தம்பிகளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. பெங்களூரில் இருக்கும் நம் மாணவர் ஒருவர், பள்ளிக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி முழுச் செலவையும் தானே போடுவதாகச் சொல்கிறார். "நூறு நூறா வசூல் பண்றது அசிங்கமா இருக்கு சார்" என்கிறார். தம்பி, உன் மனசு பெரிசு. ஆனால் நீ ஒருவனே வாங்கிக் கொடுத்தால் அது உன் கருவி. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உனக்குத்தான் போன் வரும்; நீ எடுக்காவிட்டால் அது மூலையில் கிடக்கும். 100 பேர் கொடுத்தால், வேலை செய்கிறதா என்று எட்டிப் பார்க்க 100 பேர் இருப்பார்கள்.

ஆகவே ஆளுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் யாரிடமும் வாங்கப் போவதில்லை. முடியாதவர்கள் 10 ரூபாய் கொடுங்கள், அதுவும் பெயரோடு நோட்டில் ஏறும். எல்லாத் தெருவிலிருந்தும் பெயர் வர வேண்டும். இதுவரை வந்த 31 பெயரில் இரண்டு தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்தத் தெருக்களுக்கு ஞாயிறு காலை நானே நடந்து வருகிறேன். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருக்கும் பிள்ளைகள் கீழே இறங்கும்போது கொடுத்தால் போதும். இதற்காகத் தனியாகப் பஸ் ஏறி வர வேண்டாம்.