நெத்தியில திருநீறு

இன்னிக்குக் காலையில அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன்.
உள்ள போறதுக்கு முன்னாடி, சுருக்குப் பையில இருந்த பழனித் திருநீற எடுத்து என் நெத்தியில பூசினாங்க.
ஆபரேஷன் அவங்களுக்கு. திருநீறு எனக்கு.

கதவு சாத்தினதும் வாய் தானா "முருகா"ன்னுச்சு.
நம்பிக்கை போயி 11 வருஷம் ஆச்சு. பழக்கம் போகல.
முறையிட யாருமே இல்லைங்கிறது நெஞ்சுல கல்லு மாதிரி உட்கார்ந்துடுச்சு.

நான் சாமி கும்பிடாதத "படிச்ச திமிரு"ன்னு சித்தப்பா சொல்வாரு.
1930ல லாகூர் சிறையில பகத்சிங் 'நான் ஏன் நாத்திகன்?' எழுதினதே இதே மாதிரி 'திமிரு'ங்கிற பழிக்குப் பதிலாத்தான். வயசு 23. தூக்கு நிச்சயம்னு தெரியும். நம்பினா ஆறுதல் கிடைக்கும்னும் தெரியும். இருந்தும் வேண்டாம்னாரு.
கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா தமிழ்ல மொழிபெயர்த்த அந்தச் சின்னப் புத்தகத்த காலேஜுல படிச்சப்போ துணிச்சல் மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு. அதுல இருக்குற தனிமை இன்னிக்குத்தான் உறைக்குது.

அம்மா நல்லா இருக்காங்க.
வெளிய வந்ததும் "சாமிய வேண்டிக்கிட்டியாடா?"ன்னு கேட்டாங்க.
பதில் சொல்லாம கையப் புடிச்சுக்கிட்டேன். அவங்களும் விடல.

திருநீற இன்னும் அழிக்கல.

நம்பாதவங்க எல்லாம் இந்த மாதிரி நேரத்துல யாரைக் கூப்பிடுறீங்க?