பிளாப்பியில் இருந்த கடன்

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் மூத்த காக்கா வஃபாத்தானபோது, ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் பள்ளிவாசலில் எழுந்து நின்று வழக்கமான அறிவிப்பைச் செய்தோம். மய்யித் எவருக்கேனும் கடன் பட்டிருந்தால் தம்பிகளாகிய எங்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றோம். மளிகைக் கடைக்காரர் ஒருவரும் பழைய நண்பர் ஒருவரும் வந்தனர். இருவர் கணக்கையும் அந்த வாரமே தீர்த்தோம். மூன்றாவதாக ஒருவர் இருப்பார் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை.

கடந்த ஷஃபான் மாதத்தில், நோன்புக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலையில், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே ஒன்பது பிளாப்பி வட்டுகள். ஒன்றின் மீது காக்காவின் கையெழுத்தில் 'பிரின்ஸ்' என்று இருந்தது. 1995இல் அவர் கணினி வகுப்புக்குச் சென்ற காலத்தில் அங்கிருந்து படியெடுத்து வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டு அது. அஸருக்குப் பின் அவர் விளையாடுவார். நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம். சிறையிலிருந்து தப்பும் ஓர் இளைஞன், 60 நிமிடத்துக்குள் 12 நிலைகளைக் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். மஃரிப் பாங்கு ஒலித்ததும் காக்கா எஸ்கேப் விசையை அழுத்துவார். இளவரசன் ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்து நிற்பான். நாங்கள் ஒளூச் செய்யப் போவோம்.

(அந்தக் கதையின் கொடிய அமைச்சனுக்கு ஜாஃபர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹபஷாவின் அரசர் நஜ்ஜாஷியின் சபையில் நின்று இஸ்லாத்தை எடுத்துரைத்த ஜஃபர் (ரலி) அவர்களின் பெயர் என்று எங்கள் உம்மா அப்போதே வருந்துவார். அந்த வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு.)

காக்காவின் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. வாப்பா விளையாடியதைத் தானும் பார்க்க வேண்டும் என்றான். யூஎஸ்பியில் இணைக்கும் பிளாப்பி டிரைவ் ஒன்றை வரவழைத்தோம். வட்டை நுழைத்ததும் சில நொடிகள் கரகரவென்ற ஒலி. பின்னர், வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டுமா என்று மடிக்கணினி கேட்டது. ஆம் என்றால் உள்ளிருப்பது அழிந்துவிடும். கை நடுங்க வெளியே எடுத்தோம். உலோக மூடியைப் பலமுறை நகர்த்தி, நடுவிலுள்ள வட்டத்தை விரலால் மெல்லச் சுழற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி மீண்டும் நுழைத்தபோது கோப்புகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாகப் படியெடுத்தோம். இளவரசனின் அசைவுகள் அடங்கிய கோப்பு மட்டும் மூன்று முறை தோற்று நான்காம் முறை வந்தது.

கோப்புகள் வந்தாலும் விளையாட்டு இயங்கவில்லை. டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. அதற்கு டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் உண்டு. புதிய கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை, அதன் ஒலி அட்டை உட்பட, பாவனையாக அது உருவாக்கிவிடும். கோப்புகள் உள்ள அடைவை 'மவுன்ட்' என்ற கட்டளையால் சி டிரைவ் என்று அதற்கு அறிமுகம் செய்தால் போதும். முதலில் அசைவுகள் தடுமாறின. கண்ட்ரோலுடன் எஃப்12 அழுத்தினால் வேகம் கூடும் என்றிருந்தது. எங்கள் மடிக்கணினியிலோ அந்த விசை வேறொரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று.

முகப்புக் காட்சிகள் ஓடி முடிந்தபின் வென்றவர்களின் பட்டியல் திரையில் வந்தது. ஒரே ஒரு பெயர்: காக்காவின் பெயர், எதிரே மீதமிருந்த ஏழு நிமிடங்கள். அந்தச் சிறு கோப்பும் வட்டில் பிழைத்திருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. அவன் திரையைத் தொட்டுப் பார்த்தான். எவரும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் கேட்டான்: "சாச்சா, முதல் நிலை முடிந்ததும் கையேட்டிலிருந்து ஓர் எழுத்தைக் கேட்குமாம், அந்த எழுத்துள்ள மருந்தைக் குடித்தால்தான் மேலே போக முடியுமாம். நம்முடையதில் ஏன் அது கேட்கவில்லை?"

காசு கொடுத்து வாங்கியவரிடம்தான் கையேடு இருக்கும். அதற்காக வைக்கப்பட்ட பூட்டு அது. எங்கள் பிரதியில் எவரோ அந்தப் பூட்டை உடைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னோம். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் வாப்பாவுக்கு இது கடன்தானே?" என்றான்.

பத்தொன்பது வயதில், ஊரே அப்படிச் செய்த காலத்தில், அறியாமல் செய்தது என்று சொல்லிப் பார்த்தோம். எங்களுக்கே அது போதவில்லை. ஹஸ்ரத்திடம் கேட்டோம். படைப்புரிமையைச் சொத்தாக ஏற்காத ஆலிம்களும் இருந்தார்கள் என்றும், 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அதை மார்க்கம் பாதுகாக்கும் உரிமையாகவே தீர்மானித்தது என்றும் சொன்னார். உரியவரை அடைய வழியிருந்தால் அவரிடம் சேர்க்க வேண்டும். இல்லையேல் அவர் சார்பில் தர்மம் செய்ய வேண்டும் என்றார்.

உரியவர் யார்? விளையாட்டை வெளியிட்ட புரோடர்பண்ட் தனி நிறுவனமாக இன்று இல்லை. எழுதியவர் ஜோர்டான் மெக்னர் என்னும் அமெரிக்கர். 1985இல் தொடங்கி 1989 வரை உழைத்து, ஆப்பிள் 2 கணினிக்காகத் தனியொருவராக நிரல் எழுதியவர். அந்நாட்களில் எழுதிய நாட்குறிப்பை அவர் நூலாக வெளியிட்டிருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தவனும் அவனே. அந்நூலை வாங்கினால் ஒரு பங்காவது அவர் கைக்குப் போகும். தன் பெருநாள் காசை எடுத்து நீட்டினான். குறைந்ததை நாங்கள் சேர்த்தோம். அதே அளவு தொகையை உரிமையுள்ள மற்றவர்கள் சார்பில் மதரஸா உண்டியலில் போட்டோம். நூல் வந்து சேரும்வரை அவன் விளையாட்டைத் தொடவில்லை. கணக்கு முழுவதும் தீர்ந்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இளவரசனின் ஓட்டமும் தாவலும் ஏன் அத்தனை உயிர்ப்புடன் இருக்கின்றன என்பதற்கு அந்நூலில் விடை இருந்தது. மெக்னர் தம் தம்பியை வெள்ளையுடையில் ஓடவும் குதிக்கவும் செய்து வீடியோவில் பிடித்து, அதைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்திருக்கிறார். இந்தச் செய்தி தெரியாமலேயே எங்கள் காக்கா போய்ச் சேர்ந்தார். தெரிந்திருந்தால் எங்களையும் மொட்டைமாடியில் ஓடவிட்டிருப்பார்.

பட்டியலில் இன்னும் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. மகன் எட்டாம் நிலையில், திறக்காத கதவொன்றின் பின்னால் சிக்கிக்கொண்டு தினமும் மூச்சு முட்டுகிறான். சற்றுப் பொறுத்தால் இளவரசி அனுப்பும் சுண்டெலி வந்து அதைத் திறந்துவிடும் என்பதை நாங்கள் இதுவரை சொல்லவில்லை.