நாலைந்து நாள் ஓய்வு

எக்மோ என்ற கருவியின் பெயரைத் தமிழ்நாட்டு வீடுகள் தெரிந்துகொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில். 2016 டிசம்பர் 4. அப்போலோவில் இருந்த ஜெயலலிதாவுக்கு இதயத்துடிப்பு நின்றது, எக்மோ வைத்திருக்கிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் இரவு அவர் போய்விட்டார். 2020-ல் கொரோனா வந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் அதே கருவி. செப்டம்பர் 25 அன்று அவரும் போனார். இந்த இரண்டு சாவுக்குப் பிறகு, பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் அப்பாவிடம் அந்தப் பெயரைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது குழந்தைகள் இதய ஐசியுவில் வேலை பார்த்த எங்களுக்குத்தான் தெரியும்.

செய்யாறு பக்கத்துக்காரர் ஒருவர். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். டாக்டர் விளக்கிவிட்டு உள்ளே போனதும் என்னிடம் வந்தார். “சிஸ்டர், அம்மாவுக்கு வச்சாங்களே, அந்த மிஷினா?” ஆமாம் என்றேன். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே மிஷின்தான், ஆனால் பாப்பாவுக்கு வைத்திருப்பது வேறு காரணத்துக்கு என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தக் குழந்தைக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருந்தன. உடம்புக்கு ரத்தம் தள்ள வேண்டிய இடது அறை நுரையீரலோடும், நுரையீரலுக்குத் தள்ள வேண்டிய வலது அறை உடம்போடும் சேர்ந்திருந்தது. கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றிவரும், நல்ல ரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போகும். குழந்தை நீலம் பாரித்துவிடும். பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் குழாய்களை வெட்டி மாற்றித் தைத்துவிட வேண்டும். தாமதமானால், நுரையீரலுக்கு மட்டும் சுலபமாகத் தள்ளிப் பழகிய இடது அறை மெலிந்துபோகும், மாவுக்கட்டு பிரித்த கை மாதிரி. அதற்குப் பிறகு ஆபரேஷன் என்னதான் நன்றாக நடந்தாலும், உடம்பு முழுவதற்கும் தள்ளு என்றால் அந்த அறையால் முடியாது. இவர்கள் வந்து சேரும்போதே குழந்தைக்கு மாதம் நிறையப் போகிறது. நீலமாக இருக்கிறது என்று சொன்னதற்கு, பிறந்த இடத்தில் குளிரில் அப்படித்தான் இருக்கும் என்றார்களாம். அதனால்தான் குழாய்களை மாற்றித் தைத்த கையோடு எக்மோ.

1975-ம் வருஷத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த வருஷம்தான் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் அடிப் ஜடேனே இந்தக் குழாய் மாற்றும் ஆபரேஷனை முதல்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். அதே வருஷம் கலிஃபோர்னியாவில், தாய் விட்டுவிட்டுப் போன ஒரு பச்சைக் குழந்தை மூச்சு முட்டிக் கிடந்தது. ராபர்ட் பார்ட்லெட் அதை எக்மோவில் போட்டுப் பிழைக்க வைத்தார். எஸ்பெரான்சா என்று அங்கிருந்த நர்சுகள் பெயர் வைத்தார்கள். நம் ஊரிலும் அதே 1975-ல்தான் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். பெரியவர்களின் கடைசி மூச்சோடு நாம் சேர்த்துப் பார்க்கிற கருவி பேர் வாங்கியதே ஒரு பச்சைக் குழந்தை பிழைத்ததால்தான். அந்த அப்பாவிடம் எஸ்பெரான்சா கதையைத்தான் சொன்னேன். பாதி காதில் விழுந்திருக்கும்.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். கருவியின் குழாய்களை நிரப்பவே கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும் என்பதால், முதலில் ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தத்தைச் சர்க்யூட்டில் ஓடவிட்ட பிறகே குழந்தையோடு இணைப்பார்கள். வலது மேலறையிலிருந்து ஒரு குழாய் கறுஞ்சிவப்பாய் ரத்தத்தை இழுக்கும். பம்ப் அதை ஆக்சிஜனேட்டருக்குள் தள்ளும். வெளியே வரும்போது பளிச்சென்ற சிவப்பு. அது மகாதமனிக்குத் திரும்பிப் போகும். நெஞ்செலும்பை மூடியிருக்க மாட்டார்கள். மெல்லிய உறைக்கு அடியில் இதயம் அசைவது தெரியும். ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஓடும். கூடினால் மூளையில் கசியும், குறைந்தால் குழாயில் கட்டி விழும். அதனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று மணிக்கு மணி ஏசிடி பார்ப்போம். கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு ஆக்சிஜனேட்டரின் மூலைமுடுக்கெல்லாம் அடித்துப் பார்ப்போம், எங்காவது வெள்ளை இழையோ கறுப்புப் புள்ளியோ தெரிகிறதா என்று. குழாய் லேசாக நடுங்கினால் குழந்தைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். மானிட்டர் கத்துவதற்கு முன்பே அந்த நடுக்கம் கைக்குத் தெரியும். உச்சிக்குழி வழியாகத் தினமும் மூளைக்கு ஸ்கேன்.

“என் ரத்தம் எடுத்துக்குங்க சிஸ்டர், எவ்வளவு வேணாலும்.” ராத்திரி மறுபடி வந்து நின்றார். உண்மையிலேயே அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. 1954-ல் மினசோட்டாவில் லில்லிஹை என்ற சர்ஜன், தகப்பனைப் பக்கத்து மேஜையில் படுக்க வைத்து, அவருடைய இதயத்தையும் நுரையீரலையுமே கருவியாக்கி 13 மாதக் குழந்தைக்கு ஆபரேஷன் செய்தார். அந்தக் குழந்தை சில நாளில் நிமோனியாவில் இறந்தது. அதன் பிறகும் நிறுத்தவில்லை. அப்படிச் செய்த 45 பேரில் 28 பேர் பிழைத்தார்கள். பெற்றவரைப் பக்கத்தில் படுக்க வைக்க முடியாததால்தான் இத்தனை பிளாஸ்டிக் குழாயும் என்று எனக்குத் தோன்றும்.

வீடு அடையாறில். டியூட்டி முடிந்து திரு.வி.க. பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் 2014 ஜூன் ஞாபகம் வரும். அரசு பொது மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயத்தைச் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி அடையாறு மலர் மருத்துவமனைக்குப் பதினான்கு நிமிஷத்துக்குள் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் போலீஸ் சிக்னலைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு இதயத்துக்காக ஊரே ஒதுங்கி நின்றதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். செய்யாறிலிருந்து கிளம்பிய குழந்தைக்கு அப்படி யாரும் வழிவிடவில்லை என்ற ஆற்றாமையும் கூடவே வரும்.

தங்கியிருந்த அறையிலிருந்து விடியற்காலையில் மத்திய கைலாஷ் போய்த் திருநீறு வாங்கி வந்தார் அந்த அப்பா. உள்ளே வைக்கக் கூடாது. பாக்கெட்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைல் அட்டையின் பின்பக்கம் டேப் ஒட்டினேன். அவர் கண்ணாடி வழியாக அதைத்தான் முதலில் பார்ப்பார், பிறகுதான் குழந்தையை.

எக்மோ எதையும் குணப்படுத்துவதில்லை. ஓய்வு தருகிறது, அவ்வளவுதான். அந்த நாலைந்து நாளில் மெலிந்த அறை தேறிக்கொள்ள வேண்டும். தேறுகிறதா என்று பார்க்க ஃப்ளோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எக்கோவில் இதயத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவசரப்பட்டு எடுத்தால் இதயம் தாங்காது. தள்ளிப்போட்டால் கசிவும் தொற்றும் காத்திருக்கும். அன்றைக்கு டாக்டர் கருவியின் குழாய்க்கு கிளாம்ப் போட்டார். பிபி இறங்கியது, நின்றது, பிறகு தானாகவே ஏறியது. யாரும் பேசவில்லை. கருவியை ஓட்டும் பெர்ஃப்யூஷனிஸ்ட் மட்டும் நிமிஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் நெஞ்சை மூடினார்கள். அம்மா பீய்ச்சிக் கொடுத்த பாலில் ஒரு மில்லியை மூக்குக்குழாயில் விட்டது நான்தான்.

டெல்லி எய்ம்ஸில் அக்ஷய் பிசோய் குழுவினர், இப்படித் தாமதமாக வரும் குழந்தைகளுக்காகவே ஆபரேஷனுக்கு ஓட்டிய சர்க்யூட்டையே எக்மோவாகத் தொடரும் முறையை உருவாக்கினார்கள். தனியாக இன்னொரு சர்க்யூட் வாங்கும் செலவு மிச்சம். நம் நாட்டுக்கு இப்படிப்பட்ட யோசனைதான் வேண்டும். அதைவிடவும் முக்கியம், பிறந்த மறுநாள் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பது. சில நிமிஷ வேலை. தொண்ணூற்றைந்துக்குக் கீழே காட்டினால் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். எல்லாக் குறையும் அதில் சிக்கிவிடாது. ஆனால் இந்தக் குழந்தை சிக்கியிருக்கும்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு எக்மோவுக்குப் போகும் பச்சைக் குழந்தைகளில் வீடு திரும்புகிறவர்கள் உலகம் முழுக்கவே பத்துக்கு நாலு என்ற அளவில்தான். அதே வாரத்தில் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. பெற்றவர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகு எக்மோவை நிறுத்தினார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி அம்மா மடியில் வைத்தேன். அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான். “இத்தனை நாளும் அவனுக்கு வலிச்சிருக்குமா சிஸ்டர்?” இல்லம்மா என்றேன். வலி தெரியாமலிருக்க மருந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதில்லை. சார்ட்டைக் கொண்டுவந்து, எந்தெந்த மணிக்கு எவ்வளவு என்று காட்டினேன். ராத்திரி டியூட்டி வரிகளில் இருந்தது என் கையெழுத்து. கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டுத்தான் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.