பங்குனியில் பிறக்கும் வருஷம்

ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு வருஷம் பங்குனியில்தான் பிறக்கிறது. மாரியம்மன் கோயில்களில் காப்புக் கட்டத் தொடங்கியதும் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பக்கத்து நடிகர்களின் போன் ஓயாமல் அடிக்கும். சித்திரை, வைகாசி, ஆனி என்று ஓடி, ஆவணிக்கு மேல் தளர்ந்துவிடும். புரட்டாசி தொடங்கி மார்கழி வரை மழை, பனி, நோன்பு. தையில் கொஞ்சம் தலைகாட்டும். ஆக, ஆறு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் அடுப்பெரிய வேண்டும். விடிய விடியப் பாடி நடிக்கிறவர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் வைகாசியில் திருமயம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வள்ளி திருமணம் பார்க்கப் போனேன்.

நாடகம் பத்து மணிக்கு. எட்டரைக்கே மேடைக்குப் பின்னால் தட்டி மறைப்பில் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. ஒருவர் மதுரையிலிருந்து, ஒருவர் மணப்பாறையிலிருந்து, ஆர்மோனியக்காரர் காரைக்குடியிலிருந்து. இவர்களுக்கு என்று ஒரு கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி ஒரு ராத்திரிக்குச் சேர்க்கிறார்கள். யார் கூட நடிக்கப் போகிறோம் என்பதை அன்று காலை நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த நாடகமும் பாட்டும் எல்லோருக்கும் பொது என்பதால் இது நடக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய பாடம், இன்றைக்கும் தொழிலுக்கு முதல்.

சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா போன்ற கம்பெனிகளில் பையன்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், சிறு சம்பளம் எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அடியும் உதையும் உண்டு, ஆனால் மழை மாதத்திலும் சோறு உண்டு. ஸ்பெஷல் நாடகம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. நடிகர் தனக்குத் தானே முதலாளி ஆனார். பேர் வாங்கினவர் கேட்டதைக் கொடுத்தார்கள். இந்த மேடையிலிருந்து போன கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். புதுக்கோட்டைக்காரர் பி.யு. சின்னப்பா சினிமாவில் சம்பாதித்ததை எல்லாம் ஊரில் வீடாக வாங்கிப் போட்டார். இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடுத்தது என்று அந்தப் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். 1951இல் அவர் இறந்தபோது வயது முப்பத்தைந்து. நடிகனுக்குக் காசு தங்காது என்கிற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குச் சின்னப்பா ஞாபகம்தான் வரும். வந்த காசைச் செங்கல்லாக மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்திருக்கிறது. அந்த அவசரம் எதற்கு என்பது தட்டி மறைப்புக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

ஸ்திரீபார்ட் அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பதினாறில் மேடையேறியவர். முகத்துக்குப் பேன்கேக் பூசிக்கொண்டே பேசினார். இடது பக்கத்தில் பெட்டி திறந்திருந்தது: இரண்டு சவுரி, கல் வைத்த நெற்றிச்சுட்டி, முலாம் மங்கத் தொடங்கிய ஒட்டியாணம், பாசிமணி, ரோஸ் பவுடர், கண் மை, ஊக்கு டப்பா, ஒரு ஓரத்தில் தொண்டைக்கு அதிமதுரமும் பனங்கற்கண்டும். எல்லாம் சொந்தக் காசு. நாடகம் வைக்கிறவர்கள் மேடை, சீன், லைட், மைக் எல்லாவற்றுக்கும் தனியாகக் கொடுப்பார்கள். நடிகையின் உடம்பில் ஏறுகிற எதற்கும் கொடுக்க மாட்டார்கள். ஒட்டியாணத்துக்கு வருஷா வருஷம் முலாம் பூச வேண்டும். ஒரே சேலையில் பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு முறை நின்றால், “போன நாடகத்துல கட்டுனதுதானே” என்று முன்வரிசையிலேயே பேச்சு வந்துவிடும்.

அன்றைக்கு அவருக்குப் பேசிய சம்பளம் 4,500 ரூபாய். இதில் 500 மாசியிலேயே அட்வான்ஸாக வந்து அப்போதே செலவாகிவிட்டது. வேனில் பங்கு 600. துணைக்கு வருகிற சித்திக்கு 400. தனியாக ஒரு பெண் ராத்திரி நாடகத்துக்குப் போய் விடியற்காலையில் பஸ் ஏற முடியாது என்பதால் இந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை. பூ, மேக்கப் 250. ஏஜெண்டுக்கு 150. டீ, டிபன் 100. அட்வான்ஸையும் சேர்த்து, செலவு போக நிற்பது மூவாயிரம். ராஜபார்ட் அண்ணன் துணை யாரையும் அழைத்து வருவதில்லை. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறார். இரண்டு பேரும் ஒரே ராத்திரி, ஒரே மேடை. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற உலகம் இது. வீட்டுக்குப் போய்ச் சேரும் காசு ஒன்றல்ல என்பதை நான் பேசிய ஏஜெண்டுகளில் ஒருவரும் சொல்லவில்லை, அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

அவரிடம் ஒரு டைரி இருந்தது. தேதி, ஊர், நாடகம், ஏஜெண்ட், பேசியது, வந்தது, பாக்கி. கடைசிப் பத்தியில் ஒவ்வொரு நாடகத்துக்கும் செலவு. இந்தத் தொழிலில் நடிகரின் சொத்து குரலோ முகமோ மட்டும் இல்லை, தேதிதான். தேதி கொடுத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதே நாளுக்கு வேறு ஊரிலிருந்து ஆயிரம் ரூபாய் கூடப் பேசி வந்தாலும் போகக் கூடாது. போனால் நாடக நடிகர் சங்கத்தில் பிராது வரும், அபராதம் விழும். அதைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த வருஷம் அந்த வட்டாரத்தில் போன் அடிக்காது. வாக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கட்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் நாடகம் நிற்கும். மழை வந்தால் நிற்கும். போலீஸ் அனுமதி கிடைக்காவிட்டால் நிற்கும். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரைதான். விடிய விடிய நடக்கிற கலைக்கு இது கழுத்தில் கத்தி. ஸ்டேஷனில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து நாடகம் நடக்கும், அல்லது நடக்காது. நின்றுபோன நாடகத்துக்கு அட்வான்ஸோடு சரி.

பத்தரைக்குப் பபூன் வந்தார். இருபத்தாறு வயதுப் பையன். முதல் இரண்டு மணி நேரம் அவரும் டான்ஸ் பெண்ணும் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். நடுநடுவே மைக்கில் அன்பளிப்பு: இன்னார் மகன் இன்னார் பபூனுக்கு நூறு ரூபாய், டான்ஸுக்கு ஐம்பது ரூபாய். நோட்டைச் சட்டையில் குத்தினார்கள். அது அவரவர்க்கே. பபூன் அதைத் தனிப் பையில் வைத்துக்கொண்டார். “சம்பளம் வீட்டுக்கு, அன்பளிப்பு எனக்குன்னு இருந்தேன். அக்கா ஏசுனாங்க. இப்ப அதச் சீட்டுல போடுறேன்” என்றார்.

வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கியபோது ஒன்றரை மணி. அக்கா அந்த இரண்டு மணி நேரம் எப்படி நின்றார் என்பதைச் சொல்ல வேண்டும். நாரதராக வந்தவர் இளைஞர், கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அக்கா ஒரு கேள்விக்குப் பாட்டிலும் அடுத்த கேள்விக்கு வசனத்திலும் பதில் சொல்லி, மூன்றாவதற்கு அவரிடமே கேள்வியைத் திருப்பினார். ஆர்மோனியக்காரர் சிரித்துக்கொண்டே சுருதியைத் தூக்கிக் கொடுத்தார். தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக மேடையில் சேர்த்துவைத்த சரக்கு. அந்த ராத்திரிக்கு மூவாயிரம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

ஐந்தரைக்கு மங்களம். பெரிய வேலை அதற்குப் பிறகுதான். விழாக் கமிட்டிக்காரர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். தலைக்கட்டு வரியாக வீட்டுக்கு வீடு பிரித்த பணம், எல்லாம் பத்தும் இருபதும் ஐம்பதுமாக, வியர்வையில் ஒட்டிக்கொண்டு. ஏஜெண்ட் பிரித்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் கலையாத அரிதாரத்தோடு எச்சில் தொட்டு எண்ணினார்கள். கையெழுத்து, ரசீது எதுவும் கிடையாது. முந்நூறு குறைந்தது. “அடுத்த நாடகத்துல பாத்துக்கலாம்க்கா” என்றார் ஏஜெண்ட். வேன் ஹாரன் அடித்தது. அக்கா அசையவில்லை. “பாக்கின்னு விட்டா அது பாக்கியாவே நின்னுரும் தம்பி. நான் வேன விட்டுட்டு பஸ்ஸுல போயிக்கிறேன்” என்று பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் கமிட்டிக்காரர் வீட்டிலிருந்து முந்நூறு வந்தது. அதட்டலோ சண்டையோ இல்லை. ராத்திரி தர்க்கத்தில் பார்த்த அதே நிதானம்.

கார்த்திகையில் மதுரையில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. வீடு கிடைத்த கதையைக் கேட்டேன். நாடகக்காரி என்று தெரிந்ததும் வீடு இல்லை என்றவர்கள் நிறையப் பேர். கொடுத்தவரும் வாடகையில் ஐந்நூறு கூடப் போட்டுத்தான் கொடுத்தார். மானக்கேட்டுக்கு மாதா மாதம் கட்டுகிற வரி அது. டைரியை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த சீசனில் 62 நாடகம். மூவாயிரம் வீதம் 1,86,000. மாதத்துக்குப் பிரித்தால் 15,500. வாடகை, மகளின் நர்சிங் காலேஜ் பீஸ், அம்மாவின் மருந்து. சித்திரையில் வருகிற பணத்தில் பாதியைத் தொடாமல் ஏலச்சீட்டில் கட்டி, ஐப்பசியில் எடுக்கிறார். அதுவும் போதாதபோது நகை அடகுக்குப் போகும், வைகாசியில் திரும்பும். “தோடு வருஷத்துல பாதி நாள் என் காதுல, பாதி நாள் பாங்குல” என்றார். தினவட்டிக்கு மட்டும் போக மாட்டார். மழைக் காலத்தில் தினவட்டிக்கு வாங்கி, அடுத்த சீசனின் முழுச் சம்பளத்தையும் வட்டிக்காரனுக்கே நடித்துக் கொடுத்தவர்கள் அவர் தெருவிலேயே இருக்கிறார்கள்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தபோது அவர் டைரியில் சித்திரை, வைகாசிக்கு மட்டும் நாற்பது தேதி நிறைந்திருந்தது. அத்தனையும் போயிற்று. 2021 மே மாதம் மறுபடி அதே சீசனில் ஊரடங்கு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்ததால் அரசு உதவி கொஞ்சம் வந்தது. அந்த வாரியம் 2007இல் வந்தது. படிப்பு, கல்யாணம், ஈமச்சடங்கு இவற்றுக்கு உதவுகிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனிதர்களுக்கு வேண்டிய பெரிய உதவி வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். விவசாயிக்கு அறுவடை பார்த்து அடைக்கிற மாதிரி பயிர்க்கடன் கொடுக்கிறோம். நடிகருக்கும் அறுவடை உண்டு, அது எந்த மாதம் என்று ஊருக்கே தெரியும். ஆவணியில் அடைக்கிற மாதிரி ஐப்பசியில் ஒரு கடனைச் சங்கத்தின் பொறுப்பில் கூட்டுறவு வங்கி கொடுத்தால் தினவட்டிக்காரன் வாசலுக்கு வர மாட்டான். சம்பளச் சீட்டு கேட்கிற இடத்தில் இந்த டைரியை ஏற்றுக்கொண்டால் போதும். பைசா விடாமல் எழுதின டைரி அது.

அன்று மத்தியானம் பபூன் பையன் அங்கே வந்தான். பைக் எடுக்க வேண்டும், அக்காவிடம் யோசனை கேட்க வந்திருந்தான். பைனான்ஸ்காரர்கள் இருபத்து நாலு மாத டியூ சொல்லியிருக்கிறார்கள், மாதம் 4,200.

“மார்கழி டியூ எங்கிருந்துடா கட்டுவ?” என்றார் அக்கா.

“மேஸ்திரி வேலைக்குப் போவேன்க்கா, கையாளா.”

“தொண்ட சிமெண்டுல போயிரும். பங்குனிக்குப் பாடணும்ல?”

அவன் பேசாமல் இருந்தான். அக்கா டைரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பழைய பைக், முழுப் பணம், சீட்டை வைகாசியில் எடுத்து. அதுவரை அவர் வேனில் ஏறிக்கொள்ளலாம், பங்கு வேண்டாம். அவன் பங்கு கொடுக்காமல் ஏற மாட்டேன் என்றான். முந்நூறுக்குப் பேசி முடித்தார்கள்.