அச்சில் வேண்டாம் சிக்கனம்

நாமக்கல் பட்டறைகளில் டிரெய்லர் கட்டக் கொடுக்கும் நண்பர்கள் சிலர், பெயிண்டிலும் அலங்கார விளக்குகளிலும் சிறிதும் காட்டாத சிக்கனத்தை, மதிப்பீட்டுத் தாளில் ஆக்சில், அதாவது அச்சு, என்ற வரிக்கு வந்தவுடன் மட்டும் காட்டத் துணிவது எனக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது. 2018-இல் மத்திய அரசு மூன்று அச்சுத் தொகுதிக்குரிய பார வரம்பை 24 டன்னிலிருந்து 27 டன்னாக உயர்த்திய பின், அவ்வளவு பாரத்தையும் சதா தாங்கும் உத்தியோகம் அந்த அச்சுகளுக்கே உரியதன்றோ?

மலிவான அச்சுக்கும் உயர்தர அச்சுக்கும் உள்ள விலை வித்தியாசத்தின் ரகசியம், பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் தண்டில் மட்டும் அல்ல. ஹப்பினுள் சுழலும் பேரிங்கின் தரத்திலும், கிரீஸ் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்துவிடாதபடி காக்கும் சீல் என்னும் அற்ப வளையத்திலும் அடங்கியிருக்கிறது. லைனிங் வழுக்கும் வண்டியைத் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் நிறுத்துவது எந்தச் சாரதியின் சாமர்த்தியத்துக்கும் எளிதன்று.

கிராமத்துக்குள் வைக்கோல் ஏற்றி மெதுவாகச் செல்லும் டிராக்டர் டிரெய்லருக்கு மலிவான அச்சே தாராளமாகப் போதும். இரும்பும் சிமெண்ட்டும் ஏற்றி மாநில எல்லை தாண்டுவோர் மட்டும் உயர்தர அச்சையே வாங்குங்கள். கையிருப்பு போதாவிட்டால் பெயிண்டை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப்போடுங்கள்.