வேர்ல்ட்ஸ்பேஸ் ரேடியோவும் எங்கள் அக்காவும்

வேர்ல்ட்ஸ்பேஸ் என்று ஒரு ரேடியோ வந்து போனதே, உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஏ.ஆர். ரகுமான் அதற்கு விளம்பரத் தூதராக இருந்தார். அடையாள இசையும் அவர் அமைத்ததுதான். பலருக்கு அந்த விளம்பரம் ஞாபகம் இருக்கும், ரேடியோவைப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அது மூன்று வருஷம் ஓடியது. 2007 பொங்கலுக்கு வாங்கினேன். நான் ஓய்வு பெற அப்போது ஒன்றரை வருஷம் பாக்கி.

வாங்கியது எனக்காக அல்ல, அக்காவுக்காக. என்னைவிட எட்டு வயது மூத்தவள். மாமா காலமான பிறகு எங்களோடு வந்து இருந்தாள். கண் அழுத்த நோய் வந்து, வலது கண் முழுதும் போய், இடது கண்ணில் ஜன்னல் எது கதவு எது என்று தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. டிவி போட்டால், "யாரோ பக்கத்து வீட்டில் சண்டை போடுகிற மாதிரி இருக்குடா, அணைச்சிடு" என்பாள். சீரியலில் ஒருத்தி அழுகிறாள் என்று தெரியும், எவள் என்று தெரியாது. நானும் என் மனைவியும் ஆபீஸ் போய்விட்டால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவளுக்குத் துணை ரேடியோதான்.

ரேடியோ எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பா நோத்தேர் ஆபீசில் எழுத்தராக இருந்தவர். அந்தக் காலத்துப் புதுச்சேரிக்காரர்கள் பலரைப் போல அவர் ரேடியோ என்று சொல்லமாட்டார், 'போஸ்த்' என்பார். "போஸ்தைப் போடு, நூவெல் ஆரம்பிச்சுடும்" என்றால் நாங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். வால்வு சூடேற ஒரு நிமிஷம் ஆகும். சிற்றலையில் பாரிஸ் வரும், கரையும், மறுபடி வரும். சிலோன் மட்டும் கடலுக்கு மேலேயே வருவதால் பகலிலும் தெளிவாக இருக்கும். மயில்வாகனனின் குரலை அடுத்த தெருவில் இருப்பவர் குரல் என்றே நான் சிறு வயதில் நினைத்திருந்தேன். நம் ஊரில் வானொலி நிலையம் வந்தது 1967-ல்தான். ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் தபால் நிலையத்தில் பணம் கட்டினோமே, அதையும் இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை.

அக்கா குளூனி கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். வீட்டில் பாட்டு வாத்தியார் வந்து கர்நாடக சங்கீதமும் சொல்லிக்கொடுத்தார். பதினெட்டு வயதில் கல்யாணம். அதோடு பாட்டு நின்றது. கேட்பது மட்டும் நிற்கவில்லை. சனிக்கிழமை இரவு 9.30-க்கு வானொலியின் தேசிய நிகழ்ச்சி இருந்தால் மாமாவுக்கு அன்று சாப்பாடு எட்டு மணிக்கே. ஆனால் வானொலியில் கச்சேரி என்பது அரை மணி, ஒரு மணி. கண் போனவளுக்கு ஒரு நாளில் இருபத்துநாலு மணி நேரம் இருக்கிறதே.

வேர்ல்ட்ஸ்பேசில் 'ஸ்ருதி' என்று ஒரு சேனல், முழுக்கக் கர்நாடக சங்கீதம், இரவு பகல் எந்நேரமும் என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார். நேரு வீதியில் (துய்ப்ளெக்ஸ் வீதி என்று சொல்லிப் பழகியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம்) ஒரு கடையில் போய்க் கேட்டேன். சாதாரண டிரான்சிஸ்டரைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. கரண்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். கூடவே உள்ளங்கையைவிடப் பெரிதான தட்டை ஆண்டெனா, கழற்றிக்கொள்கிற மாதிரி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் உண்டு. சந்தா கட்டி அந்த எண்ணைச் சொன்னால், மேலே இருக்கும் செயற்கைக்கோள் வழியாகவே அந்தப் பெட்டிக்கு மட்டும் அனுமதி வந்து சேனல்கள் திறக்கும். ஆண்டுச் சந்தா ஆயிரத்துச் சொச்சம். எண்பதுகளில் நின்றுபோன பழக்கம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். லைசென்ஸ் கட்டாவிட்டால் அபராதம்தான், ரேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கும். இது கட்டாவிட்டால் வாயே திறக்காது. அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது.

வீட்டுக்குள் வைத்தால் சிக்னல் இல்லை. எங்களுடையது பழைய தமிழ் வீடு, திண்ணை, முற்றம், கனத்த சுவர். செயற்கைக்கோளுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாது. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 105 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நம் ஊரிலிருந்து பார்த்தால் கடல் பக்கம், நேர் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்காகத் திரும்பி, தலையை நன்றாக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். ஆக, ஆண்டெனா மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போனது. அங்கிருந்து ஒரு கேபிள் முற்றம் வழியாக அக்கா அறைக்கு இறங்கியது. நான் மாடியில் ஆண்டெனாவைத் திருப்ப, பையன் கீழே பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டு "ஏறுதுப்பா... இறங்குது... அங்கேயே விடுங்க" என்று கத்த, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுதும் அதில் போயிற்று.

மழைக்கு அது அசையாது. டிடிஎச் வைத்திருந்தவர்களுக்குக் கார்த்திகை மாதத்தில் படம் போய்விடும். இதன் அலைவரிசை அதைவிட மிகக் கீழே இருப்பதால் மழை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஈரப் புடவை செய்யும். என் மனைவி ஒருநாள் புடவையை ஆண்டெனாவுக்கு முன்னால் கொடியில் காயப்போட்டாள். கீழே பாட்டு நின்றுவிட்டது. காக்கை வந்து அதன் மேல் உட்கார்ந்து கொஞ்சம் சாய்த்துவிட்டாலும் அதே கதைதான். "ஏய், காக்கா வந்துடுச்சு போல, போய்ப் பாரேன்" என்று அக்கா குரல் கொடுப்பாள். மாடிப்படி ஏறி இறங்கியே எனக்கு அந்த வருஷம் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்தது என்று டாக்டர் சொன்னார்.

அந்தச் செயற்கைக்கோளின் பெயர் ஆசியாஸ்டார். இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அதைச் செய்த வேலைக்குத் தலைமை ஏற்றது பிரான்சின் அல்காத்தெல். ஏவியது ஆரியான் 5 ராக்கெட். ஏவிய இடம் பிரெஞ்சு குயானில் கூரூ. 2000 மார்ச் 21, நமக்கு மறுநாள் விடியற்காலை. அதே ராக்கெட்டில் நம்முடைய இன்சாட்-3பி-யும் சேர்ந்து போயிருக்கிறது. கூரூ என்றதும் எனக்குப் பள்ளிக்கூட வரைபடம் கண்ணில் வந்தது. குயான், தலைநகரம் கயேன் என்று மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். கூரூக்கு எதிரே கடலில் இருக்கிற தீவுகளில் ஒன்றில்தான் திரெய்ஃபுஸைச் சிறை வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1850-களிலிருந்து, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றிக் கூலி வேலைக்கு நம் ஜனங்களை அந்தக் குயானுக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அங்கிருந்து கிளம்பின ஒன்று எங்கள் மொட்டை மாடிக்குப் பாட்டு அனுப்புகிறது என்று அக்காவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அப்பா இருந்திருந்தா நம்ப மாட்டார்டா" என்றாள்.

இந்த ரேடியோவை ஆரம்பித்தவர் நோவா சமாரா, எத்தியோப்பியாவில் பிறந்தவர். 1990-ல் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவியபோது அது பற்றிய செய்தி ஜனங்களுக்குப் போய்ச் சேரவே இல்லையே என்பதுதான் அவர் மனதில் விழுந்த விதை. முதலில் ஆஃப்ரிஸ்டார், 1998-ல். இரண்டாவது ஆசியாஸ்டார். கடைசியில் அதற்குப் பணம் கட்டிக் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தார்கள், அதுவும் பாட்டுக்காக. செய்திக்காக வந்தது பாட்டில் போய் முடிந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கும் அப்படித்தான். அக்கா அறையில் ஸ்ருதி. அவள் தூங்கும்போது என் மனைவி பெட்டியை எடுத்துப்போய்க் கேஎல் ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு. ராத்திரியில் நான் பிபிசி. அதில் ஒரு வேடிக்கை: மணி அடிக்கும் ஓசை சிற்றலையில் முதலில் வரும், இதில் கொஞ்சம் பின்தங்கி வரும். மேலே போய் இறங்கி, எண்களாக மாறி, மறுபடி ஒலியாக வேண்டுமே. அதை வைத்துக் கடிகாரம் திருப்பினால் ஆபீசுக்கு லேட் என்று பையன் கிண்டல் செய்வான். மாயெஸ்ட்ரோ என்று மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்துக்கும் ஒரு சேனல் இருந்தது. ஞாயிறு மாலைகளில் அக்காவும் நானும் அதைக் கேட்போம். கன்னியர் மடத்தில் பியானோ வாசித்த ஒரு மதாம் பெயரை அவள் ஐம்பது வருஷம் கழித்துச் சொன்னாள்.

சத்தத்தின் தரம் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் உண்டு. சரசரப்பு இல்லை, கரைதல் இல்லை, எனக்கு அது போதும். அக்கா காது வேறு. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. தம்பூராவை மட்டும் தண்ணியிலே நனைச்சு எடுத்த மாதிரி இருக்கு" என்பாள். எம்பி3 முறையில் ஒலியைச் சுருக்கி அனுப்பினார்கள். தம்பூராவின் ரீங்காரம் அப்படிச் சுருக்கத்துக்கு அடங்காது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கண் தெரியாத கிழவி படிக்காமலேயே சொல்லியிருந்தாள்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒருநாள் அரை நாள் லீவு போட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். அக்கா அறையில் இரண்டு குரல் கேட்டது. ரேடியோவில் யாரோ தோடி பாடிக்கொண்டிருந்தார்கள். கூடவே அக்கா. மேல் ஸ்தாயிக்குப் போக முடியவில்லை, அங்கே வாயை மூடிக்கொண்டு, கீழே இறங்கும்போது சேர்ந்துகொண்டாள். நான் செருப்பைக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றேன். அவள் பாடி நான் கேட்டது அவள் கல்யாணத்துக்கு முன்பு, எனக்குப் பத்து வயதில். நான் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள், அந்த மாதிரி மனுஷி. அதற்குப் பிறகு அவ்வப்போது மதியத்தில் வர ஏதாவது காரணம் தேடினேன். 2008-ல் ஓய்வு பெற்ற பின் காரணமே வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இரண்டாவது வருஷம் மேல் ஸ்தாயிக்கும் எட்டிப் பார்த்தாள். மனைவியிடம் மட்டும் ஜாடை காட்டினேன், அவள் தலையாட்டினாள்.

2008 அக்டோபரில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனு போட்டது என்று பேப்பரில் வந்தது. செயற்கைக்கோள்களும் ஏவுதலும் பெரிய செலவு, சந்தா அந்த அளவுக்குச் சேரவில்லை. கட்டடத்துக்குள்ளும் ஓடும் காரிலும் கேட்க முடியாத ரேடியோவுக்கு எத்தனை பேர் மாடியில் ஆண்டெனா கட்டுவார்கள்? 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. எங்கள் சந்தாவும் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. அக்காவிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டேன். "அப்ப இன்னும் ஏழு நாள் இருக்கே" என்றாள். அந்த ஏழு நாளும் பெட்டியை அணைக்கவே விடவில்லை. தூங்கும்போதும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்பாவின் போஸ்த் பரணில் இருந்து எடுத்து, வால்வு மாற்றி, என் தம்பி வீட்டில் இன்றும் ஓடுகிறது. அதை வாயடைக்க எங்கோ ஒருவர் ஒரு விசையைத் தட்டினால் முடியாது. பாரிஸ் நின்றால் சிலோன், சிலோன் நின்றால் சென்னை, எதையாவது பிடிக்கும். இது அப்படியில்லை. செயற்கைக்கோள் மேலே அதே இடத்தில் இருந்தது, ஆண்டெனா அதையே பார்த்துக்கொண்டிருந்தது, பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அப்படியும் ஊமை.

அக்காவுக்கு டேப்ரெக்கார்டர், சிடி என்று மாற்று ஏற்பாடு செய்தோம். கேட்டாள். ஆனால் சிடியில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. ஸ்ருதியில் அடுத்து யார், என்ன ராகம் என்று தெரியாது. முதல் இரண்டு ஸ்வரத்தில் கண்டுபிடித்து எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதில்தான் அவளுக்கு ருசி. மதியங்களில் கூடப் பாடுவது குறைந்தது, பிறகு நின்றது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்து கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரில் சென்னையைப் பிடித்துச் செய்தி கேட்டோம். இருட்டு எங்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவள் சாவகாசமாக உட்கார்ந்து, செய்திக்கு முன்னால் வந்த ஒரு துண்டு நாதஸ்வரத்தைக் கேட்டு, "கல்யாணி" என்றாள்.

2014-ல் போய்விட்டாள். ஆகாசவாணி 'ராகம்' என்று இருபத்துநாலு மணி நேர சாஸ்திரிய சங்கீத ஒலிபரப்பைத் தொடங்கியது 2016 குடியரசு தினத்தன்று. போனில் கேட்கலாம். காலையில் நடக்கப் போகும்போது கடற்கரைச் சாலையில் நான் அதைத்தான் கேட்கிறேன். முதல் இரண்டு ஸ்வரத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை.

பெட்டி இன்னும் அக்கா அறை அலமாரியில் இருக்கிறது. போன மாதம் அறைக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் எடுத்தபோது, பேட்டரி போட்டு மாடிக்குக் கொண்டுபோய் ஆண்டெனாவைப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தேன். திரையில் வெளிச்சம் வந்தது. சிக்னல் கோடு ஏறவில்லை. இப்போது கிழக்குப் பக்கம் மூன்று மாடி லாட்ஜ் வேறு எழுந்துவிட்டது, ஒலிபரப்பு இருந்திருந்தாலும் அங்கே வைத்து எடுத்திருக்காது. விட்டுவைத்தால் கசிந்துவிடும் என்று பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி அலமாரியில் வைத்தேன்.